கத்திரி வெயிலில் கிளம்பி, கடுங்குளிரில் கார் ஓட்டப் போறீங்களா?

பரீட்சை முடிஞ்சாச்சு. பிள்ளைகளுக்கு லீவும் விட்டாச்சு. ''இந்த வருஷம் ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் வேண்டாம்ப்பா. நியூசிலாந்து போகலாம். அங்கே காரை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கிட்டு, பிடிச்ச இடத்துல நிறுத்தி, பிடிச்ச இடத்துல தங்கி...'' என்று உங்கள் வீட்டுப் பிள்ளையோ, மாப்பிள்ளையோ ஆரம்பித்திருப்பார். தாத்தா, பாட்டியையும் கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். விசா, டிக்கெட், ஹோட்டல், கார் என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடுவார்கள். அதுதான் உடம்பு!

'சித்த வைத்தியருக்கும் கார் டூருக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நமக்கு மே மாதம் அக்னி நட்சத்திரம். பூமியின் தென்பாதியில் இருக்கும் நியூசிலாந்துக்கு அது இலையுதிர் காலத்தின் கடைசி மாதம். ஜூன் பிறந்தால் அங்கே குளிர்காலம். நாற்பது டிகிரி வெயிலில் விமானம் ஏறி, மறுநாள் பத்து டிகிரியில் இறங்குகிறீர்கள். இளவேனில், முதுவேனில், கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று ஆறு பருவம் வைத்தார்கள் நம் பெரியவர்கள். ஒரு பருவத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போதே சாப்பாட்டையும் பழக்கத்தையும் சிறிது சிறிதாக மாற்றச் சொன்னார்கள். நீங்களோ வேனிலிலிருந்து பனிக்கு ஒரே நாளில் தாண்டப் போகிறீர்கள். போதாக்குறைக்கு ஸ்டீயரிங்கையும் பிடிக்கப் போகிறீர்கள்!

பயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. மே மாதம் அங்கே கூட்டம் குறைவு. பாப்லர், வில்லோ மரங்களெல்லாம் பொன் மஞ்சளாக மாறி இலை உதிர்க்கும் காலம். மலை உச்சிகளில் புதுப் பனி விழ ஆரம்பித்திருக்கும். கண்கொள்ளாக் காட்சி! தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் வரைபடத்தைப் பார்த்து மட்டும் திட்டம் போடாதீர்கள். சூரியனையும் உங்கள் உடம்பையும் பார்த்துப் போடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போவது அவ்வளவுதான்.

காலை எட்டு மணி... உடம்புக்கு நடுநிசி!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மே மாதத்தில் நியூசிலாந்து நேரம் நம் நேரத்தைவிட ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 8 மணி என்றால், சென்னையில் இரவு 1.30. அங்கே காலை 11 மணி என்றால், நமக்கு விடியற்காலை 4.30.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகத் தென்தீவிலுள்ள கிறைஸ்ட்சர்ச் நகருக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் காத்திருப்பதையும் சேர்த்தால் பதினாறு மணி நேரத்துக்குக் குறையாது. இறங்கியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு, ''நான் ஃபிரெஷ்ஷா இருக்கேன்'' என்று சொல்லிவிட்டுக் காரை எடுக்கிறார் வீட்டுத் தலைவர். அவருடைய வாய்தான் அப்படிச் சொல்கிறது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் இன்னும் சென்னை நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னிரவு மூன்றிலிருந்து ஐந்து மணி வரை மனிதனுக்குத் தூக்கம் ஆளை அமுக்கும் நேரம். நம் ஊர் நெடுஞ்சாலைகளில் எத்தனையோ விபத்துகள் அந்த நேரத்தில்தானே நடக்கின்றன? அந்த நேரம் அங்கே காலை 9.30 முதல் 11.30 மணி. வெளியே பளிச்சென்று வெயில் அடிக்கும். உள்ளே கும்மிருட்டு!

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடும் என்பது 1990-களிலேயே ஆஸ்திரேலியாவில் சோதித்துக் கண்டறிந்த விஷயம். ஒரு சொட்டு மது தொடாதவராக இருக்கலாம். தூக்கம் கெட்டால், குடித்தவருக்குச் சமம்தான்!

அதனால் முதல் விதி: விமானம் இறங்கிய நாளிலும் மறுநாளும் கார் சாவியைத் தொடாதீர்கள். வாடகைக் காரையே மூன்றாம் நாளிலிருந்து புக் செய்யுங்கள். இரண்டு நாள் வாடகை மிச்சம்! விமான நிலையத்திலிருந்து டாக்ஸி பிடித்து அறைக்குப் போய்விடுங்கள்.

உள் கடிகாரத்தைத் திருப்புவது எப்படி?

கிழக்கு நோக்கிப் போகும் பயணம் மேற்கே போவதைவிடச் சிரமம். ஒரு மணி நேர வித்தியாசத்தைச் சரிக்கட்ட உடம்புக்குச் சுமார் ஒரு நாள் பிடிக்கும். அந்தக் கணக்கில் முழுசாகப் பழக ஏறக்குறைய ஆறு நாள். இதைக் கொஞ்சம் சுருக்க வழி உண்டு.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் முன்னதாகப் படுத்து, அரை மணி முன்னதாக எழுந்திருங்கள். வைகறையில் எழுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது சுலபம். டி.வி. சீரியலை மட்டும் தியாகம் செய்யணும்!

போய் இறங்கிய முதல் இரண்டு நாளும் மதியத்துக்குப் பிறகு வெயிலில் நடங்கள். கிறைஸ்ட்சர்ச்சில் 1863-ல் தொடங்கிய அழகான தாவரவியல் பூங்கா இருக்கிறது. இலையுதிர்கால மரங்களைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உலாத்துங்கள். உடம்புக் கடிகாரத்தை முன்னே தள்ளும் நல்ல மருந்து சூரிய வெளிச்சம்தான். ஆனால், விடிந்ததுமே வெயிலைத் தேடி ஓட வேண்டாம். உங்கள் உடம்புக்கு அது இன்னும் நடுராத்திரி. அப்போது படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும்.

பகலில் கண் சொருகினால் இருபது நிமிஷம் மட்டும் கண்ணயரலாம். அதற்கு மேல் தூங்கினால் ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டியதுதான். மதியம் ஒரு மணிக்கு மேல் காபி வேண்டாம். 'தூக்க மாத்திரை போட்டுக்கட்டுமா டாக்டர்?' என்று கேட்பவர்கள் உண்டு. மறுநாள் கார் ஓட்டப் போகிறவருக்கு அது கூடவே கூடாது. அதன் மந்தம் காலையிலும் தங்கியிருக்கும்.

பத்தரைக்கு எடு... நாலு மணிக்கு நிறுத்து!

மே மாத நடுவில் சென்னையில் பகல் பொழுது ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம். அதே நாளில் தென்தீவின் குவீன்ஸ்டவுன் நகரில் ஒன்பது மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டும். காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். மாலை ஐந்தேகால் மணிக்கெல்லாம் மறைந்துவிடும். மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர்களில் இன்னும் சீக்கிரமே நிழல் விழுந்துவிடும்.

'அதிகாலையில் கிளம்பினால் டிராஃபிக் இருக்காது' என்பது நம் ஊர் நியாயம். அங்கே அது ஆபத்து. இரவில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இறங்கும் குளிரில் ரோட்டிலுள்ள ஈரம் கண்ணாடி போல உறைந்துவிடும். 'பிளாக் ஐஸ்' என்று இதைச் சொல்வார்கள். தார் ரோடு வெறுமனே நனைந்திருப்பது போலத்தான் தெரியும். டயர் ஏறியதும் வழுக்கும். வெயிலே படாத மலை வளைவுகளிலும் பாலங்களிலும் பகல் ஏறிய பிறகும் இது கரையாமல் இருக்கும். அந்த மாதிரி இடத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு, நிதானமாகப் போக வேண்டும்.

மாலையில் வேறு ஒரு வம்பு. அந்தப் பருவத்தில் சூரியன் தாழ்வாகவே நகரும். மேற்கு நோக்கி ஓட்டினால் வெயில் நேராகக் கண்ணில் அறையும். கண்புரை ஆரம்பித்திருக்கும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களுக்கு எதிரே வருவது எதுவும் தெரியாமலே போகலாம். ஓட்டப் போகிறவர் எல்லோரும் கிளம்புவதற்கு முன்பே கண் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

ஆகவே இரண்டாவது விதி: காலை பத்தரைக்கு முன்பு வண்டியை எடுக்காதீர்கள். மாலை நாலு மணிக்கு அடுத்த ஊர் அறையில் இருங்கள். நடுவில் சாப்பாடு, ஓய்வு, போட்டோ எல்லாம் போக, கையில் இருப்பது மூன்றரை மணி நேர ஓட்டம்தான். அதற்கு மேல் ஒரு நாளில் திட்டம் போட்டால், அது டூர் அல்ல, தண்டனை!

இப்படிப் போகலாமே!

முதல் இரண்டு இரவு கிறைஸ்ட்சர்ச். மூன்றாம் நாள் காரை எடுத்துக்கொண்டு தெகாபோ ஏரிக்குப் போகலாம். சுமார் 226 கி.மீ., மூன்று மணி நேர ஓட்டம். வழியில் ஜெரால்டின் என்ற சிற்றூரில் இறங்கிச் சாப்பிடுங்கள். தெகாபோவில் ஏரிக்கரையில் 1935-ல் கட்டிய சின்னஞ்சிறு கல் தேவாலயம் இருக்கிறது. அந்தப் பகுதி முழுவதும் 2012 முதல் சர்வதேச 'இருள் வானக் காப்பகம்'. தெரு விளக்கின் கூச்சம் இல்லாத வானத்தில் பால்வீதி அப்படியே கொட்டிக் கிடக்கும். இங்கே இரண்டு இரவு.

ஐந்தாம் நாள் அவோராகி எனப்படும் மவுண்ட் குக் கிராமம். சுமார் 105 கி.மீ.தான். 3,724 மீட்டர் உயரமுள்ள, அந்த நாட்டின் மிக உயரமான சிகரம் கண்ணெதிரே நிற்கும். ஆறாம் நாள், 971 மீட்டர் உயரமுள்ள லிண்டிஸ் கணவாயைத் தாண்டி வனாகா ஏரி. ஏறக்குறைய 210 கி.மீ. கணவாயில் பனி இருக்கிறதா என்று காலையில் தங்கும் இடத்தில் விசாரித்துவிட்டே கிளம்புங்கள்.

ஏழாம் நாள் குவீன்ஸ்டவுன். வனாகாவிலிருந்து இரண்டு வழி உண்டு. கிரவுன் ரேஞ்ச் வழி குறுக்கு. ஆனால் 1,076 மீட்டர் வரை ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். குரோம்வெல் வழி சற்றுச் சுற்று. உறைபனி விழும் பருவத்தில் எனக்குக் குரோம்வெல் வழியே தேவலை என்று படுகிறது. அரை மணி நேரம் கூடினால் என்ன, குடிமுழுகியா போய்விடும்? குவீன்ஸ்டவுனில் மூன்று இரவு தங்கி, பக்கத்தில் ஆரோடவுன் போய் வாருங்கள். 1862-ல் தங்கம் கிடைத்ததால் உருவான ஊர். இலையுதிர் நிறத்துக்குப் பேர்போனது. நிறம் உச்சத்தில் இருப்பது ஏப்ரல் கடைசியில். மே முதல் வாரத்துக்குள் போனால் மிச்சத்தையாவது பார்க்கலாம். மாதக் கடைசி என்றால் மொட்டை மரமும் பனி மலையும்தான். அதுவும் ஓர் அழகுதான்!

பத்தாம் நாள் தெ அனாவ், சுமார் 170 கி.மீ. அங்கே இரண்டு இரவு. அங்கிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற கடல் கழிமுகத்துக்கு ஏறக்குறைய 118 கி.மீ. மலைப் பாதை. ஆண்டுக்கு ஆறாயிரம் மில்லி மீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடம். நம் சென்னையைப் போல நாலு மடங்கு! 1954-ல் திறந்த ஹோமர் சுரங்கத்தைத் தாண்டிப் போக வேண்டும். மே முதல் நவம்பர் வரை டயருக்குச் சங்கிலி எடுத்துப் போகச் சொல்லும் ரோடு இது. பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. பனியில் ஓட்டிப் பழகாத நாம் எதற்கு வீரம் காட்டணும்? அன்றைக்குக் காரை நிறுத்திவிட்டு, சுற்றுலா பஸ்ஸில் போங்கள். ஓட்டுகிறவரும் ஒரு நாள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கட்டுமே! பன்னிரண்டாம் நாள் குவீன்ஸ்டவுன் திரும்பி, மறுநாள் விமானம்.

மொத்தம் ஏறக்குறைய ஆயிரம் கி.மீ. எந்த நாளும் 230 கி.மீ.யைத் தாண்டவில்லை பாருங்கள்.

அடக்கக் கூடாத வேகங்கள்

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று உண்டு. உடம்பு தானாக எழுப்பும் உந்துதல்கள். அவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது பாடம். அவற்றில் கார் பயணத்துக்கு ஆறு முக்கியம்: தூக்கம், கொட்டாவி, பசி, தாகம், சிறுநீர், மலம்.

கொட்டாவி வந்தால் அது உடம்பு அடிக்கும் மணி. இரண்டாவது கொட்டாவி வந்ததுமே அடுத்த நிறுத்துமிடத்தில் வண்டியை ஓரங்கட்டுங்கள். கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டை அலற விடுவது, மிளகாய் பஜ்ஜி கடிப்பது எல்லாம் ஐந்து நிமிஷத்துக்குத்தான் தாங்கும். ஒரு கப் காபி குடித்துவிட்டுப் பதினைந்து இருபது நிமிஷம் சீட்டைச் சாய்த்துத் தூங்குவதுதான் சரியான வைத்தியம். எழுந்திருக்கும்போது காபியும் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். அதன் பிறகும் கண் சொருகினால் இன்னொருவர் ஓட்டட்டும். இதற்காகவே குறைந்தது இரண்டு பேருக்கு லைசென்ஸ் இருப்பது நல்லது.

சிறுநீர் விஷயத்தில் நம் வீட்டுப் பெண்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. 'வழியில பாத்ரூம் இருக்குமோ, இருக்காதோ' என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குளிரில் தாகமும் தெரியாது. காரின் ஹீட்டர் வேறு உடம்பின் ஈரத்தை உறிஞ்சும். தலைவலி, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு என்று மூன்றாம் நாளே வரிசை கட்டும். அங்கே சிற்றூர்களில்கூடச் சுத்தமான பொதுக் கழிப்பறைகள் உண்டு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துப் போய் மடக்கு மடக்காகக் குடியுங்கள். நிறுத்தும்போது பெரியவர்களைப் பத்து நிமிஷம் நடக்க விடுங்கள். விமானத்திலும் காரிலும் தொடர்ந்து உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

சாப்பாடும் சுக்கும்

அலைச்சல், கண்விழிப்பு, குளிர் மூன்றும் வாதத்தைக் கூட்டும். சூடான, எளிதில் ஜீரணமாகிற உணவுதான் அதற்குத் தடுப்பு. அந்த ஊர் மோட்டல்களில் பெரும்பாலும் சின்னச் சமையலறை இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். ராத்திரி மிளகு ரசம் சாதம் வைத்துவிட்டால் போதும், பாதி டாக்டர் செலவு மிச்சம். ஓட்டுகிறவர் மதியம் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. அரை வயிறு போதும்.

மலைப் பாதையில் குமட்டல் வருகிறவர்கள் சுக்குத் தூளைக் கால் ஸ்பூன் வெந்நீரில் கலந்து அரை மணி முன்னால் குடிக்கலாம். குமட்டலுக்குக் கடையில் விற்கும் மாத்திரைகளும், சளி மாத்திரைகள் பலவும் தூக்கத்தை வரவழைக்கும். பின் சீட்டில் இருப்பவர் டாக்டரைக் கேட்டுப் போடலாம். ஓட்டுகிறவர் போடவே கூடாது.

எண்ணெய் முழுக்கைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். போகும் இடத்தில் வேண்டாம். உதடு, குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெயை ராத்திரி தடவினால் போதும்.

லேகிய டப்பா, ஜாக்கிரதை!

என் துறைக்காரர்களுக்கும் அவர்களிடம் மருந்து வாங்குகிறவர்களுக்கும் இது முக்கியம். நியூசிலாந்து விவசாய நாடு. வெளியிலிருந்து பூச்சியோ நோயோ வந்துவிடக் கூடாது என்று சட்டம் மிகக் கடுமை. தேனும், தேன் சேர்ந்த பொருளும் கொண்டுபோகக் கூடாது. அப்படியென்றால் தேன் விட்டுக் கிண்டிய லேகியமும் கூடாது! பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய், முளைக்கும் விதை எதற்கும் இடமில்லை. நெய், பால் இனிப்புகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. மசாலாத் தூள், ஊறுகாய், சுக்குப் பொடி எதுவானாலும் கம்பெனி பாக்கெட்டில் எடுத்துப் போய், நுழையும்போது தரும் அறிவிப்பில் 'உணவுப் பொருள் இருக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால், கூடாததை எடுத்துப் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன் வேண்டுமானால் அங்கேயே தாராளமாகக் கிடைக்கும்!

பற்பம், செந்தூரம் போன்ற, உலோகமும் பாஷாணமும் சேர்ந்த மருந்துகளைப் பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். பெயர் எழுதாத பொட்டலம் எதையும் எடுத்துப் போகாதீர்கள். 'டூர்லயாவது இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு மூலிகைக்கு மாறலாமே' என்ற யோசனையும் வேண்டாம். சர்க்கரை, பிரஷர், இதய மாத்திரைகளை ஒரு வேளைகூட விடக் கூடாது. அவற்றைக் கம்பெனி அட்டையோடு, டாக்டர் கடிதத்தோடு, மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவில் கைப்பையில் வையுங்கள்.

தாத்தா, பாட்டி வந்தால்...

* இன்சுலின் போடுகிறவருக்குக் கிழக்கே போகும்போது அந்த நாளே ஆறரை மணி நேரம் சுருங்கிவிடும். எந்த ஊசியை எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைத்து விமானத்தின் அடியில் போட்டால் உறைந்து வீணாகலாம். இரவில் காரிலேயே விட்டுவிடவும் கூடாது.

* சர்க்கரையால் பாதம் மரத்திருப்பவர்கள் ஹீட்டர் அருகே காலை நீட்டுவதோ, வெந்நீர்ப் பை வைப்பதோ வேண்டவே வேண்டாம். சுட்டது தெரியாது. மறுநாள் கொப்புளம்தான் தெரியும். ராத்திரி தினமும் யாராவது பாதத்தைப் பார்த்துவிடுங்கள்.

* குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். இதய நோயுள்ளவர் பத்து மணிக்கு முன் வாக்கிங் போக வேண்டாம். ஆஸ்துமாக்காரர் மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடிக்கொண்டு, இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

* ஒரே தடிமனான கோட்டைவிட மூன்று அடுக்கு நல்லது. உள்ளே உடம்போடு ஒட்டிய பனியன், நடுவில் கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட்.

ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு...

* நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். 'அட, நம்ம ஊரு மாதிரியே' என்ற அலட்சியம்தான் எதிரி. திறந்த சாலையில் உச்ச வேகம் 100 கி.மீ. ரவுண்டானாவில் வலப்புறமிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும்.

* ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய. பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சிவப்பாகவும் சின்னதாகவும் இருந்தால், எதிரே வருகிறவர் போகும் வரை நில்லுங்கள்.

* வாடகைக் கார்கள் பெரும்பாலும் ஆட்டோமேடிக். பழக்கமில்லாதவர் இங்கேயே ஒரு வாரம் ஓட்டிப் பழகுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு, அசல் லைசென்சையும் எடுத்துச் செல்லுங்கள்.

* ஏழு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை அங்கே சட்டம். மடியில் உட்கார வைத்துக்கொள்வதெல்லாம் நடக்காது.

* காலையில் கண்ணாடியில் பனி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். எஞ்சினை ஓடவிட்டு, சூடான காற்றால் கரையுங்கள். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. சமையலறை வைத்த வேனில் தூங்குகிறவர்கள் குளிருக்காகக் கேஸ் அடுப்பை எரிய விட்டுப் படுக்கக் கூடாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

* மலையைக் கண்டதும் நடுரோட்டில் நிறுத்திப் போட்டோ எடுக்காதீர்கள். அதற்கென்றே ஒதுக்கிய ஓரங்கள் இருக்கின்றன.

இன்ஷூரன்ஸ் உண்டா?

அங்கே விபத்தில் அடிபட்டால், வெளிநாட்டுப் பயணிக்கும் 'ஏ.சி.சி.' என்ற அரசு விபத்து ஈட்டுத் திட்டம் சிகிச்சைக்கு உதவும். ஆனால் மாரடைப்பு, நிமோனியா போன்ற நோய்களுக்கு அது கிடையாது. ஊருக்குத் திரும்பக் கொண்டுவரும் செலவையும் அது தராது. ஆகவே பயண இன்ஷூரன்ஸ் கட்டாயம் எடுங்கள். எடுக்கும்போது சர்க்கரை, பிரஷர், பழைய ஆபரேஷன் எதையும் மறைக்காதீர்கள். ஐந்நூறு, ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், லட்சக்கணக்கில் கைக்காசைக் கட்டும்படி ஆகிவிடும். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் 111. இதைக் குழந்தைகளுக்கும் மனப்பாடம் பண்ண வையுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. இவ்வளவு செலவு செய்து போகிறோமே என்று ஒரு இடம்கூட விடாமல் பார்க்கத் தோன்றும். ஒரு நாள் மழையோ பனியோ வந்து ரோட்டை மூடினால், ''இன்னிக்கு புக்கிங் போயிடுமே'' என்று மனசு அடித்துக்கொள்ளும். போனால் போகட்டும். புக்கிங் பணம் திரும்பச் சம்பாதிக்கக் கூடியது. அன்றைக்கு அறையிலேயே இருந்து ரசம் வைத்து, சீட்டாடி, ஜன்னல் வழியே மேகத்தைப் பாருங்கள். பிள்ளைகள் பெரியவர்களான பிறகு, அந்த நாளைத்தான் அதிகம் நினைவில் வைத்திருப்பார்கள்.

கிளம்புவதற்கு முன் திட்டத்தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் கார் இல்லை, பத்தரைக்கு முன் கிளம்பவில்லை, நாலு மணிக்கு மேல் ஓட்டம் இல்லை என்று இருக்கிறதா? அப்படியென்றால் பெட்டியைக் கட்டுங்கள். பத்திரமாப் போயிட்டு வாங்க!